புளியமரம் விழுந்த திசை

கடலூர் முதுநகரில் காலையில் சிதம்பரம் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று இந்தச் சாலையில் எத்தனை முறை வந்தாலும், சன்னலோரம் கிடைத்தால் கண் முதலில் போவது மரங்களின் மேல்தான். எங்கள் மாவட்டத்து ஆட்களுக்கு இது ஒரு பழக்கம். மரத்தைப் பார்த்தவுடன் 'இது தானே புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா' என்று கணக்குப் போடுவோம்.

தம் ஆசிரியரின் பெயரை அவருடைய மாணவர்கள் சேர்ந்து நிலைநிறுத்தியிருக்கிற அறக்கட்டளை இது. முப்பத்து நான்கு வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தவனை அழைத்து, 'பிள்ளைகளுக்குப் புயலைக் கற்பிப்பது எப்படி' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தமிழ் வாத்தியாருக்கும் புயலுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எப்படிக் கெட்டது என்பதுதான் இன்றைய பேச்சு.

சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்குப் போயிருந்தேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களை வாயோடு வாய் வைத்து ஒட்டியிருந்தாள். மேல் பாட்டிலில் நீலத் தண்ணீர். தலைகீழாக்கி ஒரு சுற்றுச் சுற்றினால் நடுவில் புனல் மாதிரி சுழல் விழுந்து தண்ணீர் கீழே இறங்கும். பக்கத்தில் அட்டையில் 'தானே புயல்' என்று அழகாக எழுதி ஒட்டியிருந்தாள். 'சார், இதுதான் சார் தானே' என்றாள். நன்றாகச் செய்திருந்தாள், பாராட்டினேன். ஆனால் அவள் காட்டியது தானே இல்லை. அமெரிக்கச் சமவெளியில் இடிமேகத்துக்குக் கீழே தும்பிக்கை போல் இறங்கி, சில நிமிடமோ கொஞ்சம் கூடவோ நின்று, சில நூறு மீட்டர் அகலத்துக்குத் துடைத்துவிட்டுப் போகிறதே, அதைக் காட்டும் பொம்மை அது. செல்போனில் பார்த்துச் செய்திருக்கிறாள்.

தானே வேறு சாதி. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், பல நாள் ஆயுள், கடலின் மேல்நீர் ஏறக்குறைய 26.5 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால்தான் பிழைப்பு. பாட்டிலில் சூடு எங்கே, கடல் எங்கே? இதில் வேடிக்கை, அந்தப் பெண் தானே அடித்தபோது கைக்குழந்தையாக இருந்தவள். அவள் அம்மாவைக் கேட்டிருந்தால் போதும். யாரும் கேட்கச் சொல்லவில்லை.

குழப்பத்தில் பாதி நம் சொற்களில் இருக்கிறது. சூறாவளி என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். பாடப்புத்தகத்தில் அது ஓரிடத்தில் அமெரிக்கத் தும்பிக்கைக் காற்று, இன்னோரிடத்தில் வங்கக்கடல் புயல். இலங்கைத் தமிழர்களுக்கு நாம் புயல் என்பதுதான் சூறாவளி. 1978 நவம்பரில் மட்டக்களப்பை அழித்ததை அவர்கள் சூறாவளி என்றே சொல்வார்கள். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சைக்ளோன் என்ற சொல்லும் நம் கடலைப் பார்த்துப் பிறந்ததுதான். 1848இல் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன், கப்பல்காரர்களின் குறிப்புகளை வருடக்கணக்காகச் சேர்த்துப் பார்த்து, பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். வங்கக்கடல் புயலுக்கு வைத்த பெயர், உலகம் சுற்றி நம் பாடப்புத்தகத்துக்கே பாடமாகத் திரும்பி வந்திருக்கிறது.

இனி என் தவறைச் சொல்லவேண்டும்.

தானே 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. காற்று 120 முதல் 140 கிலோமீட்டர் வேகம். அரையாண்டு விடுமுறை நாள். அதனால் 'பள்ளிகளுக்கு விடுமுறை' என்று டிவியின் அடியில் ஓடும் அந்த வரிக்குக்கூட அவசியம் இருக்கவில்லை. பள்ளி திறந்தபோது கூரை பாதி, பெஞ்சு பாதி. வருடாவருடம் செய்வதைச் செய்தேன். 'விடுமுறையை எவ்வாறு கழித்தேன்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் நாலைந்து வரிதான் எழுதியிருந்தான். எங்கள் வீட்டு ஓடு பக்கத்து வீட்டில் கிடந்தது, பக்கத்து வீட்டுத் தகரம் எங்கள் வீட்டில் கிடந்தது, அப்பா போய் மாற்றிக்கொண்டு வந்தார் என்று எழுதிவிட்டுக் கடைசியில் இப்படி முடித்திருந்தான்: 'புயள் கடலில் இருந்து வந்தது. எங்கள் புளியமரம் கடல் பக்கம் விழுந்தது. ஏன் என்று தெரியவில்லை.'

நான் 'புயள்' என்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டுப் 'புயல்' என்று எழுதினேன். கட்டுரைக்கு முன்னுரை, முடிவுரை இல்லை என்று பத்துக்கு நான்கு போட்டேன். கேள்வி என் பாடத்தைச் சேர்ந்தது இல்லை என்று விட்டுவிட்டேன். புவியியல் ஆசிரியர் அந்த நோட்டைப் பார்க்கவே போவதில்லை, அவருக்கு அது தமிழ் நோட்டு. கடலிலிருந்து வந்த புயல் மரத்தைக் கடலை நோக்கி ஏன் சாய்த்தது? பன்னிரண்டு வயதுப் பிள்ளை கண்ணால் பார்த்துக் கேட்ட இதைவிட நல்ல கேள்வியை என் வாழ்நாளில் எந்த வினாத்தாளிலும் நான் கண்டதில்லை.

பள்ளிக்கூடம் புயலை எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். வந்தால் விடுமுறை. போனால் நிவாரண முகாம். பேரிடர் மேலாண்மை என்று சமூக அறிவியலில் ஒரு பாடம், அதில் 'செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை'. பிள்ளை அதை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்குகிறது. அதே பிள்ளை அந்த வகுப்பறையிலேயே மூன்று நாள் பாய் விரித்துப் படுத்து, புளிசாதப் பொட்டலம் வாங்கித் தின்றிருக்கும். வகுப்பில் இருக்கும் நாற்பது பேரும் ஏற்கெனவே படித்து முடித்த ஒரே புத்தகம் புயல்தான். அதைத் திறக்காமல் வேறு புத்தகத்தைப் பிரிக்கச் சொல்கிறோம்.

நான் கேட்பது புதுப் பாடம் அல்ல. புயல் ஓய்ந்து பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒவ்வோர் ஆசிரியரும் தமக்குள்ள பாடவேளையில் ஒன்றை அதற்குக் கொடுக்கவேண்டும். அவரவர் பாடத்தை அவரவர் நடத்தட்டும். நடக்கிற பொருள் மட்டும் ஒன்றாக இருக்கட்டும்.

கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது சுலபம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபின், ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் பெய்தது. நூறு சதுர மீட்டர் மொட்டைமாடியில் அது எவ்வளவு? 50,000 லிட்டர். நான்கைந்து டேங்கர் லாரித் தண்ணீர், ஒரே ஒரு வீட்டு மாடியில். புயல் கடந்தது புதுச்சேரி அருகே, கொட்டியது கிருஷ்ணகிரிப் பக்கம், சாத்தனூர் அணை வழியாகத் தென்பெண்ணையில் இறங்கி வீட்டுக்குள் புகுந்தது கடலூரில். எங்கள் ஊருக்கு வெள்ளம் வர எங்கள் ஊரில் மழை பெய்யவேண்டியதில்லை. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மோட்டார் சைக்கிளில் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து 35 கிலோமீட்டரில் போகும்போது முகத்தில் படும் காற்றைப் போல் பதினாறு மடங்கு, தானேயின் 140. வர்க்கம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட என்ன சொல்வது?

வரலாற்று ஆசிரியருக்கு வேலை அதிகம். தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது பிள்ளைகளுக்குத் தெரியும். கிளைவ் பெயர் தெரியும். 1749 ஏப்ரலில் அந்தக் கோட்டைக்கு எதிரே கடலில் நின்ற கப்பல்கள் தெரியாது. அதற்கு முந்தைய வருடம் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பிய ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் கரையில் இருந்தார். அவருடைய தலைமைக் கப்பலான நமூர், புயலில் சிக்கி 520 பேரோடு போயிற்று. பெம்ப்ரோக் என்ற இன்னொரு கப்பலும் போனது. அதே நாட்களில் கொள்ளிடம் வாயில் உள்ள தேவிகோட்டையைப் பிடிக்க நடந்துகொண்டிருந்த கம்பெனிப் படை பரங்கிப்பேட்டைப் பக்கம் கூடாரம் அடித்திருந்தது. கூடாரமும் மூட்டை முடிச்சும் பறந்தன. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்த கதை இது. நம் பிள்ளைகள் பாடத்தில் பிளாசியைப் படிக்கிறார்கள்.

பன்னிரண்டு வருடம் கழித்து, 1761 ஜனவரி 1. ஆங்கிலேயர் புதுச்சேரியை மறுபடி முற்றுகையிட்டிருக்கிறார்கள். புயல் வந்து அவர்கள் கப்பல்களை உடைத்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அன்று எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! ஆனால் வெளியிலிருந்து அவர்களுக்கு உதவிக் கப்பல் வரவில்லை. ஆங்கிலேயர் மீதமிருந்த கப்பல்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடி வளைத்தார்கள். அந்த மாதம் பாதியிலேயே கோட்டை விழுந்தது. புயல் யார் பக்கமும் சேராது என்று பையன்களே சொல்லிவிடுவார்கள், நாம் சொல்லவேண்டாம்.

இந்தத் தேதிகளைத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோனால் வேறொன்று கிடைக்கும். 'கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை' என்ற பழமொழியை எழுதி, பக்கத்தில் 1761 ஜனவரி 1, 1964 டிசம்பர் 22 தனுஷ்கோடி, 2011 டிசம்பர் 30 தானே என்று எழுதுங்கள். மூன்றும் மார்கழி. பழமொழி பொய்யா? பொய் இல்லை, பெரும்பாலான வருடங்களுக்குச் சரி. பெரும்பாலும் சரியான ஒன்றை எப்போதும் சரி என்று நம்புகிறவன்தான் மார்கழியில் படகைக் கரையேற்றாமல் விடுவான். பழமொழியை வணங்கவும் வேண்டாம், கேலி செய்யவும் வேண்டாம், சோதித்துப் பார்க்கச் சொல்வோம்.

தானே என்ற பெயரும் ஒரு பாடவேளைக்குத் தாங்கும். 2004இலிருந்து வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்கு அதைச் சுற்றியுள்ள நாடுகள் கொடுத்த பட்டியலிலிருந்து பெயர் வைக்கிறார்கள். இது மியான்மர் கொடுத்தது. தமிழில் அது 'தானே' ஆனதும் ஒரு வாரத்துக்கு எல்லாப் பத்திரிகைக்காரருக்கும் கொண்டாட்டம், தலைப்புகளில் சிலேடை பொங்கியது. இங்கே முந்திரித்தோப்பு மண்ணோடு சாய்ந்து கிடக்கையில் அங்கே சிலேடை. 2020இல் வெளியிட்ட புதுப் பட்டியலில் இந்தியா கொடுத்த பெயர்களில் 'முரசு', 'நீர்' இரண்டும் இருக்கின்றன. பிள்ளைகளிடம் சொல்லுங்கள், குஷியாகிவிடுவார்கள்.

இன்னொன்று, கூண்டு. 'கடலூர் துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்று வருடத்துக்கு நாலு முறையாவது செய்தி கேட்கிறோம். பத்தாம் வகுப்பில் கூண்டை வரையச் சொன்னேன். பாதிப்பேர் கிளிக்கூண்டு வரைந்தார்கள். ஒருவன் சிங்கத்தையும் உள்ளே வைத்திருந்தான். கம்பத்தில் பகலில் ஏற்றுவது கூம்பும் உருளையும், இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள். எண் 1 முதல் 11 வரை. 1ம் 2ம் தூரக்கடலில் இருப்பதைச் சொல்லும். 3ம் 4ம் துறைமுகத்துக்கே காற்று வரலாம் என்று சொல்லும். 5 என்றால் புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடக்கும், 6 என்றால் வலப்பக்கம் விட்டு, 7 என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ. 8, 9, 10 அதே மூன்றும், ஆனால் கடும்புயல். 11 மட்டும் காற்றைப் பற்றிப் பேசவே இல்லை. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். 10ஐவிட 11 பெரிய புயல் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பீர்கள். நானும் நினைத்திருந்தேன். அவ்வளவு சிக்கனமாகப் பேசும் இந்தப் பதினோரு குறிகளும் ஒரு மொழிதான்; இலக்கணம் நடத்துகிறவன் இதை விடலாமா?

சிதம்பரத்தில் நின்று சுழற்சியைப் பற்றிப் பேசுகிறவன் நடராசரை இழுக்காமல் இருப்பது கஷ்டம். திருவாசியைக் காட்டி, தூக்கிய திருவடியைக் காட்டி, பிரபஞ்சச் சுழற்சி என்று கைதட்டல் வாங்கிவிடலாம். நான் அதைச் செய்யப்போவதில்லை. இந்த ஊரின் இன்னொரு பெயரான தில்லை எனக்குப் போதும்.

தில்லை ஒரு மரம். கோயிலின் தலமரம். சிதம்பரம் தெருக்களில் தேடினால் கிடைக்காது, பிச்சாவரத்துக்குப் போகவேண்டும். உப்புநீரில் நிற்கும் அலையாத்திக் காட்டு மரங்களில் அதுவும் ஒன்று. கிளையை ஒடித்தால் பால் வடியும், கண்ணில் பட்டால் கண் போகும் என்று படகுக்காரர்கள் பிள்ளைகளைத் தொடவிடமாட்டார்கள். அப்படியானால் ஒரு காலத்தில் அந்தக் காடு இவ்வளவு தூரம் உள்ளே வந்திருந்ததா, கடல் அவ்வளவு அருகில் இருந்ததா? தாவரவியலா இது, வரலாறா, தமிழா? தாவரவியல் ஆசிரியர் சுரபுன்னையின் முட்டுவேரையும் வெண்கண்டலின் மூச்சுவேரையும் காட்டட்டும். அலையின் வேகத்தை வேர்க்கூட்டம் எப்படிக் குறைக்கிறது என்று ஒரு தட்டில் மணலும் குச்சியும் தண்ணீரும் வைத்தே காட்டலாம்.

2004 சுனாமிக்குப் பிறகு பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் 18 கடற்கரைக் குப்பங்களை ஆராய்ந்து, அலையாத்திக்குப் பின்னால் இருந்தவற்றில் சேதம் குறைவு என்று 2005இல் எழுதினார்கள். அடுத்த வருடமே வேறு அறிஞர்கள் அதே கணக்கை எடுத்து, காத்தது காடு அல்ல, குப்பம் இருந்த மேடும் கடலிலிருந்து அது இருந்த தூரமும்தான் என்று மறுத்தார்கள். மேனிலை வகுப்பில் இரண்டையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 'மரம் நட்டால் புயல் வராது' என்ற சுவர் வாசகத்தோடு நிறுத்திவிட்டால் பிள்ளைக்குக் கிடைப்பது பக்தி, அறிவியல் இல்லை. நான் காட்டின் கட்சிதான், சந்தேகம் வேண்டாம். அதற்காக எதிர்க்கட்சி பேசுவதை மறைக்க முடியாது.

பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பொருளியலை முந்திரியிலிருந்தும் பலாவிலிருந்தும்தான் தொடங்கவேண்டும். நெல் போனால் அடுத்த பட்டத்தில் பார்க்கலாம். தாத்தா வைத்த பலா போனால், கன்று வைத்துக் காய்ப்பதற்குள் பிள்ளை பள்ளிப்படிப்பை முடித்துவிடும். அந்த வருடங்களுக்கு வீட்டில் அரிசி எப்படி வந்தது, யார் எந்த ஊருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள் என்று பிள்ளைகளையே சொல்லவிடுங்கள். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் ஒதுங்கி நின்றால் போதும்.

இதற்கெல்லாம் எதிராகச் சொல்லப்படுவது எனக்குத் தெரியும். 'போர்ஷன் முடியாது சார்.' மழை விடுமுறையில் ஏற்கெனவே பத்து நாள் போயிருக்கும், சனிக்கிழமை வகுப்பு வைத்து ஓட்டுகிறோம், இதில் புயல் வேறா? நியாயம்தான். எனக்கும் போர்ஷன் முடியாமல் தலைமையாசிரியர் அறையில் நின்ற அனுபவம் உண்டு. ஆனால் நான் சொன்னவற்றில் வர்க்கம், கோட்டை, மூச்சுவேர், பழமொழி எல்லாம் போர்ஷனில் உள்ளவைதானே. உதாரணம் மட்டும் மாறுகிறது.

இன்னொரு மறுப்பு கனமானது. பிள்ளைகள் பயந்துவிடும். சுனாமியில் வீட்டில் ஆள் இழந்த பிள்ளைகளை வகுப்பில் வைத்திருந்தவன் நான். கடல் என்ற சொல்லைச் சத்தமாகப் படிக்க மறுத்த சிறுமியை எனக்குத் தெரியும். அவளைப் படி என்று வற்புறுத்தவில்லை. ஒருநாள் வகுப்பில் நீவாடு என்ற சொல் வந்தது. கடல் நீரோட்டத்துக்கு மீனவர்கள் சொல்லும் சொல். அவள்தான் எழுந்து, எந்தக் காற்றுக்கு நீவாடு எந்தப் பக்கம் போகும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த கடல் அது, அப்பாவின் கடல். அதற்குமேல் இதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லத் தகுதியில்லாதவன்.

இப்போது அந்தப் புளியமரம். விடை எனக்குக் கிடைத்தது ஓய்வு பெற்ற பிறகு.

நாலு திசைக் காற்றுக்கும் தமிழில் பெயர் உண்டு. வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை, தெற்கிலிருந்து தென்றல். மீனவர்கள் கச்சான், சோழகம் என்று இன்னும் நுணுக்கமாகச் சொல்வார்கள். முப்பது வருடம் இதைப் பொருத்துக கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். இதோடு 1857இல் பாய்ஸ் பாலட் என்ற டச்சுக்காரர் சொன்ன விதி ஒன்றைச் சேர்க்கவேண்டும். நம் வடகோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடக்கைப் பக்கம் இருக்கும். பூமி சுழல்வதால் காற்று நேரே மையத்துக்குப் போகமுடியாமல் வலப்பக்கம் ஒதுங்கி, இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. ஒரு வட்ட அட்டையை ஒருவர் இடஞ்சுழியாகச் சுழற்ற, இன்னொருவர் நடுவிலிருந்து நேராகக் கோடு இழுத்தால் கோடு வளைவதைப் பார்க்கலாம். அதையே கைகழுவும் தொட்டியில் தண்ணீர் சுழலும் திசைக்குப் பொருத்திச் சொல்வார்கள், அது தவறு, அவ்வளவு சின்னதில் பூமியின் சுழற்சி தெரியாது.

மைதானத்தில் பிள்ளைகளை நிறுத்துங்கள், ஒருவனைப் புயலாக்கிக் கிழக்கே விடுங்கள். எல்லோரும் இடக்கையை அவனை நோக்கி நீட்டட்டும். முகம் தெற்கே, முதுகு வடக்கே; வீசுவது வாடை. புயல் கடலில் இருக்கும்போது கடலூரில் வீசியது அதுதான். இப்போது அவன் வடமேற்காக நடந்து நமக்கு வடக்கே கரை ஏறுகிறான். இடக்கை அவனோடு திரும்புகிறது. முகம் கிழக்கே, முதுகு மேற்கே. வீசுவது கோடை, நிலத்திலிருந்து கடலை நோக்கி. அவன் உள்ளே போய் மேற்கே நின்றால் முதுகு தெற்கே, கவிஞர்கள் கொஞ்சுகிற தென்றல். அவன் பாதைக்கு வடக்கே நிற்கும் புதுச்சேரிப் பிள்ளைகளுக்கோ வாடை, பிறகு கடலைத் தூக்கிக்கொண்டு வரும் கொண்டல். கூண்டு எண் 5க்கும் 6க்கும் உள்ள வேற்றுமை இதுதான். நேர் மையத்தில் அகப்பட்டவர்களுக்குக் காற்று சட்டென்று நின்று வானம்கூட வெளுக்கும். முடிந்துவிட்டது என்று வெளியே வந்தவர்களை எதிர்த்திசைக் காற்று அடிக்கும்.

அந்தப் பையனின் புளி வாடைக்கு நின்றிருக்கிறது. கோடைக்கு விழுந்திருக்கிறது. அதாவது விடிந்த பிறகு, புயல் கரை ஏறிய நேரத்தில். மரம் கிடந்த திசையை வைத்தே மணி சொல்லலாம். அதே தெருவில் தெற்கே தலைவைத்து விழுந்த தென்னைகள் இருந்திருந்தால் அவை இரவிலேயே போனவை. வகுப்பில் நாற்பது பிள்ளைகள், நாற்பது தெரு. ஒரு நோட்டில் குறித்திருந்தால் தானே எங்கள் ஊரைக் கடந்த வரைபடமே கிடைத்திருக்கும். சிவப்பு மை வைத்திருந்தவன் அதை 'ள'வுக்குச் செலவழித்துவிட்டான்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஐப்பசி, கார்த்திகையில் காற்று ஓய்ந்து, அறுந்த மின்கம்பி எதுவும் கிடக்கவில்லை என்று பெரியவர்கள் பார்த்தபிறகு, பிள்ளைகளிடம் ஒரு துண்டுத்தாள் கொடுத்து அனுப்புங்கள். என்ன மரம், எந்தத் தெரு, தலை எந்தப் பக்கம், எப்போது விழுந்தது என்று பாட்டியைக் கேட்டு எழுதட்டும். அன்றைக்கே அனுப்புங்கள். மறுநாள் ரம்பத்தோடு ஆட்கள் வந்துவிடுவார்கள். துண்டு போட்டு அடுக்கிவிட்டால் தலை எது, கால் எது என்று யாராலும் சொல்லமுடியாது.